வயலின் ஓரக் கதிர் யாருக்கு?

இன்று ஒருவரைப் 'பரதேசி' என்று அழைத்தால் சண்டைதான் வரும். பிழைக்க வழியில்லாமல் ஊர் ஊராகத் திரிகிறவன் என்று அந்தச் சொல் இறங்கிப்போய்விட்டது. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளாக வாசித்துவரும் பழைய வேதாகமத்தில், பேதுருவின் முதல் நிருபம், அதாவது முதல் கடிதம், தன் வாசகர்களை விளிப்பதே இந்தச் சொல்லால்தான்: 'அந்நியர்களும் பரதேசிகளுமாயிருக்கிற' உங்களுக்கு. அங்கே அது வசைச் சொல்லாக வரவில்லை. பரதேசம் என்றால் வேற்று நாடு, அங்கே போய் வாழ்கிறவர் பரதேசி, அவ்வளவுதான். கிறிஸ்தவ வாழ்வில் அந்நியருக்கு இரக்கம் காட்டுவது, அவரை வரவேற்பது என்றால் என்ன என்று புதிதாகக் கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது இந்த வரியைத்தான். வாசலில் வந்து நிற்பவர் மட்டுமல்ல, கதவைத் திறக்கிறவரும் அங்கே பரதேசிதான்.

இந்த எண்ணம் இயேசுவோடு தொடங்கியதல்ல. அவர் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த மோசேயின் சட்டத்திலேயே இது ஆழமாக வேரோடியிருக்கிறது. அங்கே அந்நியனைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'கேர்'. ஒரு இரவு தங்கிப் போகும் வழிப்போக்கனுக்கு அந்தச் சொல் பொருந்தாது. வேறு இனத்தில் பிறந்து, பஞ்சத்தாலோ போராலோ இடம்பெயர்ந்து, இஸ்ரயேலர் நடுவே குடியிருப்பவன்தான் கேர். அவனுடைய சிக்கல் நிலத்தில் இருந்தது. நிலம் கோத்திரத்துக்கும் குடும்பத்துக்கும் உரியது. கோத்திரம் இல்லாதவனுக்குக் காணி கிடையாது. காணி இல்லாதவனுக்காக ஊர்வாசலில் மூப்பர்கள் கூடி வழக்குப் பேசும்போது எழுந்து நிற்க ஆள் கிடையாது. விதவை, திக்கற்ற பிள்ளை, அந்நியன் என்ற மூவரும் சட்டத்தில் திரும்பத் திரும்பச் சேர்ந்தே வருவதன் காரணம் இதுதான். மூவருக்கும் பரிந்து பேச ஆள் இல்லை.

லேவியராகமம் 19ஆம் அதிகாரம், குடியேறி வாழும் அந்நியனைச் 'சுதேசிபோல' எண்ணி, உங்களை நேசிப்பதுபோல அவனையும் நேசியுங்கள் என்கிறது. உடனே காரணத்தையும் சொல்கிறது: 'நீங்களும் எகிப்து தேசத்தில் அந்நியராயிருந்தீர்களே.' தொடக்க வாசகர் இந்தக் காரணத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உன்னிடம் நிறைய இருக்கிறது, அவனிடம் இல்லை, ஆகவே கொடு என்று சட்டம் சொல்லவில்லை. உன் தாத்தா செங்கல் சூளையில் அடிமையாக நின்றதை மறந்துவிட்டாயா என்று கேட்கிறது. அந்நியனை ஒடுக்காதே, அவன்மேல் அன்பாயிரு என்ற கட்டளை 36 இடங்களில் வருகிறது, சிலர் கணக்கில் 46 என்று ரபீக்கள் என்ற யூத மறையாசிரியர்கள் எண்ணிவைத்தார்கள். இத்தனை முறை சொல்ல வேண்டியிருந்ததென்றால், மக்கள் அவ்வளவு எளிதாக மறந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்!

நினைவு மட்டும் போதாது என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே வயலுக்கு வந்தார்கள். அறுப்புக் காலத்தில் வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காதே. சிந்திக் கிடக்கும் கதிரைப் பொறுக்காதே. மறந்துவிட்டு வந்த அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே. ஒலிவ மரத்தை ஒருமுறை உதிர்த்த பிறகு கிளை கிளையாக மறுபடி உதிர்க்காதே. மிச்சமெல்லாம் ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. ஓரம் என்றால் எவ்வளவு என்று யாராவது கேட்பார்கள் அல்லவா? கேட்டார்கள். குறைந்தது 60இல் ஒரு பங்கு என்று பின்னால் வந்த ரபீக்கள் அளவு வைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது. இதன் நுட்பம் உடனே கண்ணில் படாது. அந்நியன் வீட்டு வாசலில் வந்து கையேந்த வேண்டியதில்லை. நிலக்காரன் அவன் முகத்தைப் பார்த்து, இவன் தகுதியானவனா என்று எடைபோட்டு, ஒரு படி அளந்து போட வேண்டியதும் இல்லை. அவனே வருகிறான், அவனே பறித்தும் பொறுக்கியும் சேர்க்கிறான், தன் கூலியைத் தானே சுமந்துகொண்டு போகிறான். நிலக்காரன் செய்ய வேண்டியதெல்லாம் கையைக் கொஞ்சம் கட்டிக்கொண்டு நிற்பதுதான்.

ரூத்தின் கதை இந்தச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது. ரூத் மோவாபியப் பெண். மோவாபியர் 10ஆம் தலைமுறையானாலும் கர்த்தருடைய சபைக்குள் வரலாகாது என்று உபாகமம் 23ஆம் அதிகாரத்தில் ஒரு கடுமையான விதி இருந்தது. கணவனை இழந்து, மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்தவள், வாற்கோதுமை அறுப்பில் கதிர் பொறுக்கப் போகிறாள். நிலக்காரர் போவாஸ் சட்டம் சொன்னதோடு நிற்கவில்லை. வேலையாட்களிடம், அரிக்கட்டுகளிலிருந்தே சிலவற்றை வேண்டுமென்று உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று சொல்லிவைக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் தம் ஆட்களோடு உட்காரவைத்து, அப்பத்தைக் காடியில் தோய்த்துச் சாப்பிடச் சொல்கிறார். அன்று மாலை அவள் தட்டி எடுத்தது ஏறக்குறைய ஒரு எப்பா, அதாவது 20 லிட்டருக்குக் குறையாத தானியம். பின்னால் போவாஸ் அவளை மணக்கிறார். அவர்களுடைய கொள்ளுப்பேரன் தாவீது. மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கத்தில் இயேசுவின் வம்ச வரலாற்றைத் திறந்தால், உள்ளே வரலாகாது என்று விதிக்கப்பட்ட இனத்துப் பெண்ணின் பெயர் அங்கே இருக்கிறது.

இனி இயேசுவிடம் வருவோம். இந்தப் பொருளில் எல்லாருக்கும் தெரிந்த கதை நல்ல சமாரியன் கதை. மிகவும் தெரிந்துபோனதாலேயே அதன் முள் மழுங்கிவிட்டது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழி சுமார் 27 கிலோமீட்டர். அதற்குள் தரை ஏறக்குறைய 1,000 மீட்டர் இறங்கிவிடும். பாறையும் வளைவுமான, கள்ளருக்கு வசதியான பாதை. அங்கே கள்ளரிடம் அடிபட்டுக் கிடந்தவனைக் கோயில் ஆசாரியன் பார்த்து விலகிப் போகிறான், கோயில் பணி செய்யும் லேவியனும் போகிறான். மூன்றாவதாக வந்தவன் சமாரியன், யூதரின் அண்டை இனத்தான். யூதருக்கும் சமாரியருக்கும் இருந்த பகையின் கனம் தெரியாமல் இதை வாசிக்க முடியாது. கெரிசீம் மலையில் இருந்த சமாரியரின் கோயிலை யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்க்கானு இடித்துப்போட்டது இயேசுவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பு. அந்தக் காயம் ஆறவே இல்லை. லூக்கா நற்செய்தியில் இந்தக் கதைக்கு முந்தைய அதிகாரத்தைப் பாருங்கள். ஒரு சமாரியக் கிராமம் இயேசுவுக்கே இடம் கொடுக்க மறுக்கிறது. வானத்திலிருந்து தீ இறங்கி அவர்களை அழிக்கச் சொல்லட்டுமா என்று சீடர்கள் யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள். இயேசு அவர்களை அதட்டுகிறார். அடுத்த அதிகாரத்தில், கதவை அடைத்த அதே இனத்தானைக் கதையின் நாயகனாக்குகிறார்.

கதை ஒரு கேள்விக்குப் பதிலாகச் சொல்லப்பட்டது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்தக் கேள்வி: 'எனக்குப் பிறன் யார்?' கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் 'அடுத்திருப்பவர்' என்று வரும். இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் இரண்டும் இரண்டு திசையில் இழுக்கின்றன. அடுத்திருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். பிறன் என்றாலோ நான் அல்லாதவன், வேறொருவன். என்னைக் கேட்டால் இந்த இடத்தில் பழைய மொழிபெயர்ப்பே கதையின் பக்கம் நிற்கிறது என்பேன். கேட்டவர் ஒரு நியாயசாஸ்திரி, மோசேயின் சட்டம் கற்றவர்; அவர் ஒரு எல்லைக்கோடு வேண்டும் என்றுதான் கேட்டார்: யார் வரைக்கும் நான் அன்புகாட்ட வேண்டும்? இயேசு கேள்வியையே திருப்பிவிடுகிறார்: அடிபட்டவனுக்கு இந்த மூவரில் 'எவன் பிறனாயிருந்தான்'? சமாரியன் என்ற சொல்லை வாயால் உச்சரிக்க நியாயசாஸ்திரிக்கு மனம் வரவில்லை போலும். 'இரக்கஞ்செய்தவனே' என்று சுற்றி வளைக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த யூதர் இங்கே தம்மை எந்த இடத்தில் வைத்துப் பார்த்திருப்பார்? தரையில் கிடப்பவனின் இடத்தில்தான். வெறுக்கப்பட்ட அந்நியன் இரக்கத்தைப் பெறுகிறவனாக வராமல் கொடுக்கிறவனாக வருகிறான்.

கதையின் கடைசிப் பகுதியைப் பிரசங்கங்கள் பெரும்பாலும் வேகமாகத் தாண்டிவிடும். சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டுப்போட்டதோடு போய்விடவில்லை. தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோய், மறுநாள் புறப்படும்போது இரண்டு பணம் கொடுத்து, இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று கணக்கும் பேசிவிட்டுப் போகிறான். அந்த இரண்டு பணம் அக்காலத்தில் ஒரு கூலியாளின் இரண்டு நாள் கூலி. வயலோரச் சட்டத்தின் அதே புத்தி இங்கேயும் தெரிகிறது. மனம் உருகுவது ஒரு நொடியில் முடிந்துவிடும். காயம் ஆற நாளாகும். அந்த நாட்களுக்கு யார் செலவு செய்வது என்று யோசித்து ஏற்பாடு செய்தவன் அவன்.

இரக்கத்துக்கும் வரவேற்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வழியில் கிடப்பவனுக்கு இரக்கம் காட்டலாம், ஆனால் அவனோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று இருக்கவும் முடியும். ஆதித் திருச்சபை தடுமாறியது அந்த இடத்தில்தான். யூதரல்லாத ரோமப் படை அதிகாரி, நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் வீட்டுக்குள் போய், 'தேவன் பட்சபாதமுள்ளவரல்ல' என்று அறிக்கையிட்டவர் பேதுரு. அதே பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எருசலேமிலிருந்து யூதக் கிறிஸ்தவர் சிலர் வந்தார்கள். மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். எல்லார் முன்னிலையிலும் அவர் முகத்துக்கு நேரே கண்டித்ததாகப் பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். கோட்பாட்டில் பேதுருவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. நம்மவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம்தான். இந்தக் கூச்சம் நமக்குப் புதிதா என்ன?

புதிய ஏற்பாட்டில் விருந்தோம்பலுக்கு வரும் கிரேக்கச் சொல் 'ஃபிலோக்செனியா'. ஃபிலோ அன்பு, க்செனோஸ் அந்நியன். அந்நியரிடம் அன்பு. இதைத் தமிழருக்கு விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. பழந்தமிழில் 'விருந்து' என்றாலே புதுமை, புதிதாக வந்தவர் என்றுதான் பொருள். உறவினர் விருந்தில் சேர்த்தியில்லை. மாமா வீட்டுப் பட்டாளத்தை வரவழைத்துப் பிரியாணி போடுவதை விருந்து என்று நாம் சொல்லத் தொடங்கியது பிற்காலத்துச் சுருக்கம். 'அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள்' என்று எபிரெயர் நிருபம் சொல்லும்போது, சிலர் அறியாமலே தேவதூதரை உபசரித்ததுண்டு என்று சேர்த்துக்கொள்கிறது. நண்பகல் வெயிலில் கூடார வாசலில் உட்கார்ந்திருந்த ஆபிரகாம், மூன்று வழிப்போக்கரைக் கண்டு ஓடிப்போய் அழைத்த கதை அது. கொஞ்சம் அப்பம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, மூன்றுபடி மாவில் அப்பமும் இளங்கன்றின் கறியும் வெண்ணெயும் பாலும் கொண்டுவந்து வைத்து, அவர்கள் சாப்பிடும்வரை மரத்தடியில் பக்கத்திலேயே நின்றார்.

எல்லாம் சரி, ஏமாற்றுகிறவன் வந்தால் என்ன செய்வது? இது நியாயமான கேள்வி. முதல் கிறிஸ்தவர்களும் கேட்டுவிட்டார்கள். ஏறக்குறைய முதல் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'டிடாக்கே' என்ற சிறு கையேடு, கர்த்தரின் பெயரில் வருகிற எவரையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று இந்தப் பேச்சைத் தொடங்குகிறது. வழிப்போக்கர் என்றால் முடிந்த உதவியைச் செய்யுங்கள். இரண்டு நாள், தேவையானால் மூன்று நாள் தங்கட்டும். உங்களோடு குடியேற விரும்பினால், கைத்தொழில் தெரிந்தவர் உழைத்துச் சாப்பிடட்டும். தொழில் தெரியாவிட்டால், அவர் சும்மா இருந்து காலம் கழிக்காதபடி நீங்களே யோசித்து வழிசெய்யுங்கள். அதற்கும் சம்மதிக்காதவர் கிறிஸ்துவை வைத்து வியாபாரம் செய்கிறவர், ஜாக்கிரதை. இதில் ஒரு வரிசை இருப்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் கதவு திறக்கிறது, விசாரணை பிறகுதான். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

நான்காம் நூற்றாண்டுக்குள் இந்த ஏற்பாடு வீட்டு வாசலைத் தாண்டிக் கட்டடங்களாக வளர்ந்துவிட்டது. இன்றைய துருக்கியிலுள்ள செசரியாவில் ஆயர் பசில், 370ஆம் ஆண்டை ஒட்டி, ஊருக்கு வெளியே வழிப்போக்கருக்கும் நோயாளிகளுக்கும் தொழுநோயாளருக்கும் தங்குமிடங்களைக் கட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பழைய தெய்வ வழிபாட்டை மீட்டெடுக்க முயன்ற பேரரசர் ஜூலியன், தம் பூசாரி ஒருவருக்கு எழுதியதாக வழங்கும் கடிதத்தில், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளை மட்டுமா பார்க்கிறார்கள், நம் ஏழைகளையும் சேர்த்தல்லவா பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டு, ஊர்தோறும் அந்நியருக்கு விடுதி அமைக்கச் சொல்கிறார். எதிரியின் வாயிலிருந்து வந்த சான்று என்பதால் வரலாற்றாசிரியர்கள் இதை விடுவதே இல்லை.

ஆறாம் நூற்றாண்டில் துறவி பெனெடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கு எனக்கு இன்னும் நெருக்கமானது. வரும் விருந்தாளிகள் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்கிறது அது. 'அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்' என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதுதான் அடிப்படை. ஏழைகளையும் தொலைவிலிருந்து வரும் யாத்திரிகரையும் தனிக் கவனத்தோடு வரவேற்கச் சொல்லிவிட்டு, பணக்காரருக்கு மரியாதை எப்படியும் கிடைத்துவிடும், அவர்கள்மேல் உள்ள பயமே அதை வாங்கித் தந்துவிடும் என்று குறும்பாகச் சேர்க்கிறார். வாசலில் யாரை வைப்பது என்பதற்கும் ஒரு விதி உண்டு: விவரம் தெரிந்த ஒரு முதியவர், வயதின் காரணமாக அங்குமிங்கும் அலையாதவர். யாராவது கதவைத் தட்டினால், ஓர் ஏழை குரல் கொடுத்தால், 'தேவனுக்கு ஸ்தோத்திரம்' என்று அவர் பதில் சொல்ல வேண்டும். யார் நீ, என்ன வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இது விளக்கமாகாது, விளம்பரமாகிவிடும். பொன் மோதிரம் போட்டவன் வந்தால் நல்ல இடம், கந்தை கட்டியவன் வந்தால் அங்கே நில் என்று ஆதிச் சபையிலேயே நடந்ததை யாக்கோபு நிருபம் கண்டிக்கிறது. நம் நாட்டில் அது சாதியாக வந்து ஆலயத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயம், 19ஆம் நூற்றாண்டில் கால்சட்டையின் இரண்டு கால்கள்போல இரு பிரிவாகக் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கும் மற்றவர்களுக்கும் மறுபக்கம். 1910ஆம் ஆண்டை ஒட்டித் தடுப்பு அகற்றப்பட்டபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. சாதியைச் சொல்லித் தனி இடம் கேட்க உரிமையில்லை என்று தீர்ப்பாயிற்று. ஒரே ஊரில் பிறந்து, ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான் அந்தச் சுவரின் இரு பக்கமும் இருந்தார்கள். அந்நியன் என்பவன் தொலைதூரத்திலிருந்து வர வேண்டியதில்லை.

நினைவு எப்படி வேலை செய்யும் என்பதற்கு நான் அறிந்ததில் தெளிவான எடுத்துக்காட்டு பிரான்சு நாட்டில் இருக்கிறது. லெ ஷம்போன் என்ற மலைக் கிராமத்தாரில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். அவர்களுடைய முன்னோருக்கு இருந்த வழிபாட்டு உரிமையை 1685இல் பதினான்காம் லூயி பறித்தார். போதகர்கள் தூக்கிலிடப்பட்டார்கள், மக்கள் மலைகளில் ஒளிந்து ஆராதித்தார்கள். இரண்டரை நூற்றாண்டு கழித்து, நாஜிகளிடமிருந்து தப்பிய யூதர்கள் அதே மலைக்கு வந்தார்கள். ஒரு குளிர்காலத்தில் பனி படிந்த உடையோடு ஒரு ஜெர்மானிய யூதப் பெண் போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவி மக்தா அவளை உள்ளே அழைத்தார். தொடர்ந்து பண்ணை வீடுகளும் விடுதிகளும் பள்ளியும் திறந்தன. 1944 வரை அந்தப் பீடபூமியில் மறைத்துக் காக்கப்பட்டவர்கள் சில ஆயிரம் பேர். போதகர் 1943இல் கைதாகிச் சில வாரம் முகாமில் இருந்தார். அவருடைய உறவினர் தானியேல் த்ரோக்மே தம் மாணவர்களோடு பிடிபட்டு, மய்தானெக் முகாமில் இறந்தார். 1990இல் நாஜிகள் கொன்ற யூதர்களை நினைவுகூரும் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அந்த ஊர் மக்கள் அனைவரையும் சேர்த்தே கௌரவித்தது. அவ்வூரார் தங்களை வீரர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. எகிப்து அவர்களுக்கு வேறு பெயரில் நினைவிருந்தது.

நம் பக்கத்து ஆலயங்களில் இன்று கடைசி வரிசையைப் பாருங்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகள் சிலர், பாட்டின் மெட்டை மட்டும் முணுமுணுத்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஆராதனை முடிந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி 'எந்த ஊர்?' இரண்டாவது, 'எந்தச் சபை?' கேட்டு முடித்ததும் நம் வேலை முடிந்துவிடும். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பண்டிகையின்போது அசனம் நடக்கும். பெரிய அண்டாக்களில் பொங்கி, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அருமையான வழக்கம். அந்தப் பிள்ளைகளையும் கூப்பிட்டு இலை போடுவோம், சந்தேகமில்லை. பரிமாறும் வாளி மட்டும் எப்போதும் நம் கையிலேயே இருக்கும்.

எருசலேமின் முதல் சபையில் அன்றாடப் பந்தி விஷயத்தில்தான் முதல் முறுமுறுப்பு எழுந்தது. கிரேக்கம் பேசும் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று அவர்கள் தரப்பார் புகார் சொன்னார்கள். உள்ளூர்க்காரர்களைக் கூப்பிட்டு இனிமேல் நன்றாகப் பரிமாறுங்கள் என்று அப்போஸ்தலர் அறிவுரை சொல்லியிருக்கலாம். சபையார் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசி ஆள் யூதனாகப் பிறந்தவன்கூட இல்லை, யூத மார்க்கத்தில் சேர்ந்த அந்தியோகியாக்காரன். புகார் சொன்னவர்களின் கைக்கே அகப்பை போய்ச் சேர்ந்தது.